பேபி சேரை எடுக்க மாட்டேன்

எங்கள் வீட்டு ஹாலில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நடக்க முடியாது. ஒரகடத்தை ஒட்டிய ஊர். நான், என் கணவர், மாமியார், கொழுந்தனார், ஏழு வயது மகள் என்று ஐந்து பேர். இதில் குழந்தைச் சாமான்களே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சின்ன மரக்கட்டிலில் அரிசி மூட்டையும் போர்வைகளும். வாக்கர் மேல் கம்பெனி யூனிஃபார்ம். தொட்டில் கட்டும் இரும்பு ஸ்டாண்டில் ஈரத்துணி. ஜன்னலோரம் பேபி சேர்.

கொழுந்தனாருக்கு ஒரு வழியாகப் பெண் அமைந்தது. ஜாதகமும் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு முப்பத்து நான்கு வயது, காண்ட்ராக்ட் வேலை, ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோவை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் போனில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஷூ மாட்டுவார். அதனால் மாமியார் ஹாலைக் காலி பண்ணச் சொன்னபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

கட்டிலைப் பின்பக்க அறையில் குடியிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வாக்கரும் ஸ்டாண்டும் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறின. குழந்தை பிறந்த வீட்டுச் சாமானைத் தூக்கிப் போட்டால் அடுத்தது தங்காது என்று பக்கத்து வீட்டில் இழுத்தார்கள். எனக்கு அடுத்தது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதற்கெல்லாம் கண்ணைக் கசக்குகிற ஆள் இல்லை நான்.

"அப்டியே அந்த சேரையும் தூக்கி மாடில போட்டுடு. வூடு பாக்க லட்சணமா இருக்கும்," என்றார் மாமியார்.

"அது இருக்கட்டும் அத்தை. பாப்பா எதுல உக்காந்து சாப்புடுவா?"

"ஒரு நாளு மடில வெச்சி ஊட்னா கொறஞ்சா பூடும்?"

குறைந்துதான் போகும். என் மகள் பிறக்கும்போது மூச்சுத் திணறிப் பிறந்தவள். இன்னும் நடக்கவில்லை. கை விறைத்துக்கொள்ளும், முதுகு நிற்காது. குன்றத்தூரில் அவளுக்கு பிசியோதெரபி கொடுக்கும் அம்மாதான், முதுகும் பாதமும் ஒரு பிடிமானத்தில் இருந்தால் கை தானாக வேலை செய்யும் என்று சொன்னார். முதல் பிறந்தநாளுக்கு கம்பெனியில் என் கணவரோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் நண்பர்கள் வாங்கித் தந்த பேபி சேரை, கம்பெனி பேக்கிங் கட்டையில் மேஜை நாற்காலி செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் அகலப்படுத்தி, காலுக்குப் பலகை அடித்து, பழைய ஸ்கூல் பையின் பெல்ட்டை இடுப்புக்கு வைத்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் ஆறாவது வயதில் முதல் தடவை அவளே ஸ்பூனைப் பிடித்து ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டாள். அதைப் போய் மாடியில் போடுவதா?

அத்தைக்கு சேர் பிரச்சினை இல்லை என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளிக்கு ஒரு நாளு பாப்பாவ இட்டுகினு போயி உங்கம்மா வூட்ல வுட்டுட்டு வந்துடேன்மா. வர்றவங்க கண்ல பட்டா இன்னா ஏதுன்னு ஆயிரம் கேப்பாங்கோ."

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். விடிவதற்குள் நான் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். திரும்பும்வரை என் மகளைக் குளிப்பாட்டித் துடைத்து, சேரில் உட்காரவைத்து, சிந்தியதைப் பெருக்குவது அவர்தான். சின்ன மகன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். புரிந்தது. புரிந்தும் எனக்கு ஒப்பவில்லை.

கணவர் மெல்ல வந்தார். "ஒரு நாள்தானே, வுடு."

"நிச்சயதார்த்தமும் ஒரு நாள்தான். கல்யாணமும் ஒரு நாள்தான். அப்புறம் வளைகாப்பு ஒரு நாள். இப்படி ஒவ்வொரு நாளா எம்புள்ளைய இந்த வூட்ட வுட்டே அனுப்பிடுவீங்க. சேரும் இங்கதான், அவளும் இங்கதான். முடியாதுன்னா நாளைக்கு நானும் இல்ல."

அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேரும் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் வைத்தோம். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை என்று அந்த அப்பா மரியாதையாகவே சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். எதிரே ஜன்னலோரம் சேரில் என் மகள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி வாய்க்கு, பாதி கவுனுக்கு.

பெரியம்மாதான் கேட்டார். "கொயந்த பொறந்ததுலேர்ந்தே இப்டியா? இது பரம்பரையா வர்றதா?"

அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பொறக்கும்போது மூச்சுத் திணறிடுச்சிங்க. பரம்பரை இல்ல," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. "பரம்பரையாவே இருந்தாலும் ஒளிச்சி வெச்சிருக்க மாட்டோம். உங்க பொண்ணு வாழப்போற வூடு. யாரெல்லாம் இருக்காங்கன்னு தெரிஞ்சிக்கட்டும்."

தட்டுகள் அப்படியே இருந்தன. அவர்கள் எழுந்து போனபோது அந்த ஹாலில் கை நனைத்திருந்தது என் மகள் ஒருத்திதான்.

பொருந்திய ஜாதகம் செவ்வாய்க்கிழமை பொருந்தாமல் போனதாக போன் வந்தது. கொழுந்தனார் "சரிங்க" என்று வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்று ஷிஃப்டுக்குப் போகும்போது போனை எடுத்துப் பார்க்கவும் இல்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு மனிதனின் ஆசையில் மண்ணைப் போட்டேன் என்பதை நான் மறைக்கவில்லை. மறுபடி அதே ஞாயிறு வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அத்தை என்னோடு பேச்சை விட்டார். வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே பேசினார்.

"உன்னாலதான்டி போச்சி."

"ஆமா அத்தை. என்னாலதான்."

"அடுத்த வாரம் வேற ஒரு எடம் வருது. அன்னிக்கும் இப்டித்தானா?"

"அன்னிக்கும் இப்படித்தான்."

அவர் பெல்ட்டைக் கழற்றி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அப்ப இவளுக்கு நல்ல கவுனா ஒண்ணு எடுத்தாந்து வையி. பாக்க வர்றவங்கோ இவளத்தான் மொதல்ல பாக்கறாங்கோ."