பாதி மலையில் இறுகிய பலகை

நேற்று மகள் பள்ளிக்கூடத்துக்காகத் தெர்மாகோலில் எரிமலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தேன். கை தட்டி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர்க் குப்பி எரிமலை மேல் கவிழ்ந்துவிட்டது. சொய்யென்று ஒரு சத்தம். கண் முன்னாலேயே எரிமலையின் வயிறு உள்வாங்கி, ஒரு பெரிய பள்ளமாகிவிட்டது. மகள் அழ ஆரம்பித்தாள், நான் சிரிக்க ஆரம்பித்தேன். "என்னையப் பாத்தா ஒனக்குப் பாவமா இல்லையாம்மா?" என்று கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அசிட்டோன் வாடை மூக்கில் ஏறியபிறகு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏனென்றால் இதே பள்ளத்தை, இதே வாடையை, இதைவிடப் பத்து மடங்கு பெரிய தெர்மாகோலில் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழுதவன் என் அண்ணன் பாண்டி. சிரித்தது அன்றைக்கும் நான்தான்.

எங்கள் ஊர் சிலமலை. போடிநாயக்கனூருக்குப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் இருந்த சம்பந்தம் கருவாடு மட்டும்தான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து நானும் அண்ணனும் அலைச்சறுக்குப் பலகை செய்தோம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம், எங்கள் அம்மாவே நம்பவில்லை.

அண்ணன் வர்க்கலையில் ஓட்டல் வேலைக்குப் போனவன். பாத்திரம் கழுவப் போய், அங்கே கடலில் விளையாட வருகிறவர்களின் உடைந்த பலகைகளை ஒட்டிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். கேரளாவிலிருந்து வருகிறவர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவருவார்கள். இவன் பஸ் கூரையில் இரண்டாக ஒடிந்த ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தெருவே கூடிவிட்டது. கட்சி போர்டு என்றார் ஒருவர், சாமி பல்லக்கின் அடிப்பலகை என்றார் இன்னொருவர். அம்மா மட்டும், "பாடை மாதிரி இருக்கு, வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று வாசலிலேயே மறித்துவிட்டாள்.

நான் அப்போது போடியில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பருவட்டு, நடுத்தரம், வெடித்தது, வெளுத்தது என்று மேசையில் பிரித்துப்போடும் வேலை. கண் வேறெங்கோ இருந்தாலும் விரல் தானாகப் பிரித்துவிடும். பெரும்பாலும் என் கண் சன்னலுக்கு வெளியேதான் இருக்கும். அண்ணன் ஒருநாள் வந்து, "ஒன்னோட வெரல் எனக்கு வேணும் ஆத்தா. பலகையோட ரெண்டு ஓரமும் ஒண்ணுபோல இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்" என்றான். அவனுக்கு ஒட்டத்தான் தெரியும், செய்யத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. அந்த ஒடிந்த பலகையை மீனைக் கீறுவதுபோலக் கீறிப் பார்த்துத்தான் இருவரும் தொழில் படித்தோம். உள்ளே தெர்மாகோல் மாதிரி ஒன்று, நடுவே முதுகெலும்பாக ஒரு மரச்சட்டம், மேலே கண்ணாடி நூல் துணி போர்த்தி அதன்மேல் பிசின். அவ்வளவுதானே என்று நினைத்தோம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்கள், எங்கள் விஷயத்தில் அது வெறும் பழமொழி இல்லை.

அம்மா ஒரு கெடு வைத்தாள். "கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம். ஏலக்காப் பறிப்பு தொடங்குறவரைக்கும் ஒங்க கூத்த ஆடிக்கங்க. அதுக்குள்ள ஒரு பலகையாச்சும் ஒருத்தர் கைக்குப் போய்ச் சேரலைன்னா அவன் கேரளாவுக்கு, நீ பொறுக்குற மேசைக்கு." பறிப்பு தொடங்கும்வரை தெரிந்தவருடைய ஏலக்காய்க் குடோன் ஒன்று போடியில் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். மேசைக்குத் திரும்பக்கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

மதுரையிலிருந்து லாரியில் தெர்மாகோல் கட்டிகள் வந்தன. நடுச்சட்டத்துக்கு எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரம். பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் இரண்டு டியூப்லைட் கட்டினோம். மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால் மேடுபள்ளம் தெரியாது, பக்கத்திலிருந்து விழுந்தால் சின்னத் தழும்புகூட நிழல் காட்டிக்கொடுக்கும். இழைப்புளி, பிறகு உப்புத்தாள், பிறகு கை. சாயங்காலம் ஆனால் தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரமாட்டார்கள். வசதியாகத்தான் இருந்தது.

முதல் பலகையை இழைத்து முடித்த மகிழ்ச்சியில், தூசி போகட்டும் என்று நான் அசிட்டோனில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். மிச்சக் கதையை மகளின் எரிமலை சொல்லிவிட்டது.

இந்த நிலையில்தான் எங்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு மீனவ ஊரில் ரோஸ்லின் என்றொரு பெண். வர்க்கலைக்கு ஒரு போட்டிக்கு வந்தபோது அண்ணனுக்குப் பழக்கம். என் வயதுதான், என்னைவிடக் குள்ளம். போனில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஆம்பளையளுக்குச் செஞ்ச பலகையில நான் நின்னா, கதவுல ஒட்டுன பல்லி கணக்கா இருக்கேன். எங்க பயலுவ கரையில நின்னு சிரிக்கானுவ. கோயில் திருவிழாவுக்கு எங்க கடல்லயே போட்டி வச்சிருக்கு. அதுக்குள்ள எனக்குன்னு ஒண்ணு செஞ்சி தாங்க."

நானே பேசினேன். "ஒங்க ஊர் அலை எம்புட்டு ஒசரம் இருக்கும்?"

"நெஞ்சளவு வரும்."

"யாரு நெஞ்சளவு? ஒன் நெஞ்சா, அண்ணன் நெஞ்சா?"

அவள் சிரித்த சிரிப்பில் போன் கிறீச்சிட்டது. "ஏட்டி, நீ கடலே பாத்ததில்லையா?"

"இல்ல" என்றேன். ஆர்டர் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவள் போனைக் கையில் பிடித்தபடியே தண்ணீருக்குள் நடந்திருக்கிறாள். இரைச்சல் வந்தது. குடோனுக்கு நடுவில், தெர்மாகோல் தூளில் நின்றுகொண்டு கடலைக் கேட்டேன். பிறகு அவள் விளக்கினாள். அலை மெதுவாக வந்து, திடீரென்று லாரியிலிருந்து மூட்டை சரிவதுபோல் சரியுமாம். சரிகிற மூட்டைக்கு முன்னால் ஓடவேண்டுமாம். அது எனக்குப் புரிந்துவிட்டது. மூட்டை சரிந்து நான் பார்த்திருக்கிறேன், முன்னால் ஓடியும் இருக்கிறேன்.

அவள் உயரத்துக்கும் எடைக்கும் வெட்டினோம். ஓரத்தைக் கத்திபோல் மெல்லிசாக இழைத்தேன். அண்ணனுக்குப் பயம். "இம்புட்டு மெலிசா வேணுமா?" என்றான். "மூட்டை சரியிறப்ப தப்பிச்சு ஓடணும்ல" என்றேன். பெரிய வல்லுநர் மாதிரிதான் சொன்னேன். கேட்டவனும் கேட்டுக்கொண்டான்.

பிசின் பூசும்போதுதான் ஊர் எங்களைக் கைவிட்டது. போடி வெயில் உங்களுக்குத் தெரியாது. பிசினையும் அதை இறுக வைக்கிற மருந்தையும் கலக்கி, துணியை நேராக்குவதற்குள் வாளியிலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே கல். தூரிகை நட்டக்குத்தலாக நிற்கிறது. "மலைக்குக் கொண்டுபோயிருவோம், அங்க குளிரும்" என்றான் அண்ணன். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் கூரையில் பலகையைக் கட்டி, போடிமெட்டுக்கு மேலே தெரிந்தவருடைய ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குக் கொண்டுபோனோம். அங்கே பிசின் நிதானமாகப் பரவியது. பரவியதோடு சரி, இறுகவே இல்லை. ஒரே மூடுபனி. காலையில் தொட்டால் வெல்லப்பாகு, சாயங்காலம் தொட்டாலும் வெல்லப்பாகு.

இப்போது ஒரு கடற்கரைக்காரனாக இருந்தால் என்ன செய்திருப்பானோ எனக்குத் தெரியாது. நாங்கள் ஏலக்காய் ஊர்க்காரர்கள். ஈரமாக எது இருந்தாலும் ஸ்டோருக்குள் வைத்து அடுப்பு மூட்டுவதுதான் எங்கள் ரத்தத்தில் உண்டு. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறைக்குள் பலகையை நிறுத்தி, விறகைப் போட்டு, சூட்டுக்குழாயில் அனலை விட்டு, கதவைச் சாத்திவிட்டு, கப்பக்கிழங்கை அவித்துச் சாப்பிட்டோம். திறந்து பார்த்தபோது பிசின் அருமையாக இறுகியிருந்தது. பலகைதான் குழாய்ப் பக்கமாக வளைந்து, நடுவில் உப்பி, நிறைமாத வயிற்றுக்காரி மாதிரி நின்றது.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். கட்டி இன்னும் ஒன்றுதான் மிச்சம். தோட்டங்களில் காய் திரண்டுகொண்டிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. சிரிப்புதான் முந்தியது.

இறங்கும்போது வழியில் ஜீப்பு சூடேறி நின்றுவிட்டது. பாதி மலை. ஒரு கொண்டை ஊசி வளைவில் ராசாத்தியக்காவின் டீக்கடை. டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் துக்கம் கொண்டாடினோம். குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. போடியில் டீ குடித்து முடிக்கும்வரை நாக்கைச் சுடும். மேலே ஸ்டோரில் வாங்கிய கையோடு ஆறிப்போய்விடும். இங்கே ஆற அமரக் குடிக்கிற பதத்தில் இருந்தது.

"அண்ணே, இந்த டீயப் பாரு" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன?"

"பிசினுக்கும் இந்த எடந்தாண்ணே."

அவன் டம்ளரைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு டம்ளரை வைத்துவிட்டு என் தலையில் ஒரு கொட்டு வைத்தான். அது அவன் பாராட்டுகிற முறை.

கடைசிக் கட்டியை இழைத்துத் தூக்கிக்கொண்டு அந்த வளைவுக்கே போனோம். ராசாத்தியக்கா கடைக்குப் பின்னால் சாக்குத் தட்டியை ஒதுக்கி இடம் கொடுத்தார். "எடத்துக்கு ஒண்ணும் வேணாம். ஆனா கொரங்கு வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். சொன்னதோடு நிற்காமல், நாங்கள் பிசின் பூசி முடிக்கும்வரை கையில் கம்போடு காவலுக்கு நின்றார். மலையேறுகிற ஜீப்பெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. தோட்டத்துக்குப் போகிற பெண்கள், "என்ன சோலி புள்ள இது, கொழுக்கட்டைக்கு மாவு பூசுற மாதிரி?" என்று கேட்டார்கள். பிசின் ஓடவும் இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. கண்ணாடிபோலப் படிந்து, தட்டினால் டங்கென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அண்ணனும் நடுரோட்டில் ஆடினோம். லாரிக்காரர் ஒருவர் ஆரன் அடித்துத் தாளம் போட்டார். அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வரவில்லை. இதை வீட்டுக்காரர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ராசிங்காபுரம் கண்மாயில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். அண்ணன் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போக, ஒரு எருமை பின்னாலேயே நீந்தியது. மேய்க்கிறவர் கரையிலிருந்து, "அப்பு, மாட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடு" என்றார்.

பலகையைச் சேலையில் சுற்றி பஸ் பஸ்ஸாக மாறி ரோஸ்லின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல்மேட்டில் ஏறினேன். கடல் தெரிந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. அலை மூட்டை மாதிரி சரியவில்லை, குடோனே சரிகிற மாதிரி சரிந்தது. அதன் முன்னால் என் பலகையை வைத்துப் பார்த்தேன். முறுக்குத் தட்டுபோல இருந்தது.

"வேணாம்ணே, வெரசாப் பலகையத் திருப்பி வாங்கிட்டு ஊருக்குப் போயிருவோம். அந்தப் புள்ளைக்கு என்னமும் ஆயிரும்."

அதற்குள் ரோஸ்லின் பலகையோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். முதல் அலையில் விழுந்தாள். அடுத்ததில் அலைக்கு அடியில் போனவளை வெகுநேரம் காணவில்லை. கரையில் பையன்கள் சிரித்தார்கள். நான் மணலை அள்ளி அள்ளி இறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு தூரத்தில் ஒரு அலை எழுந்தது, அதன்மேல் அவள் எழுந்தாள். அலை சரியச் சரிய அவள் முன்னால் முன்னால் ஓடிவந்தாள். பல்லி இல்லை, அந்தப் பலகை அவள் காலிலேயே முளைத்ததுபோல இருந்தது. சிரித்த பையன்களே விசிலடித்தார்கள். நான் கத்திய கத்தலில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான்.

போட்டியில் அவள் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவன் மறுநாளே அண்ணனிடம் வந்து, எனக்கும் ஒன்று வேணும் என்று நின்றான். பறிப்பு தொடங்கியபோது நான் மேசைக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் சில வருஷம் அந்த வளைவில் எங்கள் தொழில் ஓடியது. பிறகு எந்திரத்தில் வெட்டிய பலகைகள் வந்து குவிந்தன. ரோட்டை அகலப்படுத்தியதில் ராசாத்தியக்கா கடை போனது, அவரும் மகள் ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் மறுபடியும் வர்க்கலையில் ஒட்டுப்போடுகிறான். இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. என்றாலும் போனது போகட்டும் என்று விட்டுவிட முடிகிறது.

விடமுடியாதது ஒன்றுதான். ரோஸ்லினுடைய பலகை ஒருநாள் பாறையில் மோதி உடைந்துபோனது. அதேபோல இன்னொன்று கேட்டாள். அதே அளவு, அதே மரம், அதே வளைவில் அதே பிசின். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். போன் வந்தது.

"நல்லாத்தான் இருக்குட்டி, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பழசு என்னைய இழுத்துட்டு ஓடும். இது எங்கிட்டக் கேட்டுக் கேட்டுப் போவுது."

அவள் சொன்னது சரி. அவளுக்கு என்ன தெரிந்ததோ அது என் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது. இழைக்கும்போது பழையதுபோல மெல்லிசாக்காமல், ஓரத்தில் ஒரு நூலளவு சதையை என் கை தானாகவே விட்டுவைத்திருந்தது. அவள் அலைக்கு அடியில் போய்க் காணாமல் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன் அல்லவா? எடுத்துவிடலாம் என்று இழைப்புளியை வைத்தேன். கை போகவில்லை. இன்னொன்று செய்தேன், அதிலும் போகவில்லை.

கடல் எவ்வளவு பெரிது என்று தெரியாமலேயே அதற்கு ஒரு பலகை செய்தாளே ஒருத்தி, அவள் அன்றைக்கு அந்த மணல்மேட்டில் ஏறியதோடு சரி. திரும்பி போடி பஸ்ஸில் ஏறியவள் விவரம் தெரிந்தவள்.