நாக்கைக் காட்டினால் சுடக்கூடாது

ஓணான் சுடுகிற உத்தியோகத்தில் பாதி நாள் பஸ்ஸில் போகும், மீதி நாள் விளக்கம் சொல்வதில் போகும். சுடுவதற்கென்று கிடைப்பது காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரைதான், அதுவும் வெயில் ஒழுங்காக எறித்தால்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியாத துரதிர்ஷ்டசாலிகள் யாராவது இதை வாசித்தால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காருங்கள். என் கதை இதுதான். யாரோ சிலர் செல்லப்பிராணி என்று பச்சை இகுவானா என்கிற வெளிநாட்டு ஓணான்களை வாங்கினார்கள். விரலளவு இருக்கும்வரை அழகாகத்தான் இருந்தன. கையைவிட நீளமாக வளர்ந்ததும் பயந்துபோய் வேலிக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அவை பெருகின. பூ, பிஞ்சு, இளம் இலை என்று தோட்டத்தில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் மன்னார்ச் சனம் அதற்குக் 'கொழும்பு ஓணான்' என்று பெயரும் வைத்துவிட்டது. அவற்றைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு அகற்ற மாவட்டக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், இரண்டு பேரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்துச் சுடுதல் போட்டியில் மூன்றாம் இடம் வந்த நான் ஒன்று. மற்றவர் வங்காலை றொபேட் அண்ணை. கடல் தொழிலை விட்டு ஓட்டோ ஓட்டுகிறவர். மரத்தில் இருப்பதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை, சுடுவது என் வேலை.

மாரி மழை தொடங்கினால் ஒப்பந்தம் முடியும். கடைசி இரண்டு மாதத்தில், எங்களுக்குத் தெரிந்து மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. முருங்கன் பக்கம் ஆற்றோரத்தில் திரிந்த ஒரு பெரிய பெண் ஓணான். அது ஆற்று மணலைத் தோண்டி முட்டையிட்டால் ஒரே கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு வரும். நாங்கள் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. நம் நாட்டு உடும்பைத் தொடக்கூடாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தவறி ஒன்றைச் சுட்டாலும் அனுமதிக் கடிதம் பறிபோகும். இலைக்குள் தலை மட்டும் தெரியும்போது எது எதுவென்று குழம்பும். ஆனால் உடும்பு சும்மா இருக்காது, பாம்பைப்போலப் பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் நாளே றொபேட் அண்ணை சொல்லிவிட்டார்: "நாக்கைக் காட்டினா அது நம்மட ஆள், தங்கச்சி. பாத்து முடியுமட்டும் விசையில விரலை வையாதேங்கோ."

பைக்குள் என்ன

ஓட்டோ பழுதான நாட்களில் பஸ்தான். நீளமான கறுப்புப் பையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் மெல்ல எழும்பி வேறு இடத்துக்குப் போவார். வயலின் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் ஒரு அம்மா வாசித்துக் காட்டச் சொல்லி முருங்கன்வரை கெஞ்சினார். அன்றோடு அந்தப் பொய்யை விட்டேன்.

ஒருமுறை பாலத்தடியில் பஸ்ஸை மறித்த இளம் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். பஸ் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. கச்சேரியில் தந்த அனுமதிக் கடிதத்தை அவன் இரண்டு தரம் வாசித்தான், அதிலிருந்த ஓணான் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, எங்க ஊரில குரங்கு. தேங்காய் எல்லாம் முடிஞ்சு. லீவு போட்டு வாங்க, அம்மா சாப்பாடு தருவாங்க."

வங்காலை அறிவித்தல்

சொந்த ஊரில் முதல் வேட்டை என்பதால் றொபேட் அண்ணை மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டார். எனக்குச் சொல்லாமல் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, நாளைக்குக் காலை ஊருக்குள் துப்பாக்கிச் சூடு நடைபெறும், ஒருவரும் பயப்பட வேண்டாம் என்று முதல் நாள் தெருத்தெருவாக அறிவித்துவிட்டார். போரைப் பார்த்த இந்தக் கரையில் அப்படி ஒரு அறிவித்தலைக் கேட்டுவிட்டுப் பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? விடிய நாங்கள் போனபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. கடைகள் பூட்டு.

பூவரசில் இருந்த ஓணானை ஒரே ஈயச் சன்னத்தில் விழுத்தினேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்க்கடைக்கார அக்கா ஒரு பயணப் பையோடு வெளியே வந்தார். உள்ளே அடையாள அட்டைகள், காணி உறுதி, மகளின் சோதனைச் சான்றிதழ்கள், ஒரு செபமாலை. எனக்கு வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு றொபேட் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கோ நான் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தனான்? இனிமேல் ஓணான் பிடிக்க வருகினம் எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

எருக்கலம்பிட்டி ஹாஜியார்

அவர்தான் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மதிலோரச் செவ்வரத்தையில் ஒரு பூ மிஞ்சவில்லையாம். துணி வியாபாரி. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போய், பிள்ளைகள் பெரிதான பிறகு திரும்பி வந்து அதே வளவில் வீடு கட்டியவர். குளிர்ந்த சர்பத் தந்தார், ஏணி தந்தார், ஓணான் வருகிற நேரத்தையும் சரியாகச் சொன்னார்.

நான் துப்பாக்கியை எடுத்ததும் அவருக்கு முகம் மாறியது. இது இந்த ஊர்ச் சீவன் இல்லை, வெளியிலிருந்து வந்தது, அதனால்தான் அகற்றுகிறோம் என்று எல்லா இடத்திலும் சொல்லுகிற பாடத்தை நான் வழக்கம்போல ஒப்புவித்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "மகள், நீங்க சொல்றது சரிதான், நான்தான் கூப்பிட்டன். ஆனா நாங்க போய் இருந்த ஊரில எங்களையும் வந்தான் வரத்தான் எண்டுதான் சொன்னாங்க. நீங்க சுட்டு முடியுமட்டும் நான் உள்ளுக்கு இருக்கன்."

அந்த நாளிலிருந்து அந்தப் பாடத்தை வேறு மாதிரிச் சொல்லப் பழகினேன். பூவைத் தின்கிறது, பிஞ்சைத் தின்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

முத்துலட்சுமியின் கோபம்

மலைநாட்டிலிருந்து வந்து முருங்கனுக்கு அப்பால் ஆற்றோரம் குடியேறிய குடும்பம். கணவன் கூலி வேலைக்குப் போக, கால் ஏக்கரில் பயற்றங்காய் போட்டு அதில்தான் முத்துலட்சுமி வீட்டை ஓட்டினார். அந்தப் பெரிய பெண் ஓணான் திரிந்தது இவர் தோட்டத்தில்தான். இரண்டு தரம் விதைத்தார், இரண்டு தரமும் முளை இரண்டு இலை விட்டதும் மொட்டையாகிவிட்டது. மூன்றாம் தரத்துக்கு ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியில் கொஞ்ச விதை வைத்திருந்தார். அதுவும் போனால் தோட்டத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போவதுதான் வழி.

இவர் வளவில் ஒரு உடும்பும் இருந்தது. கோழிக்கூட்டில் முட்டை திருடும். அதையும் சுடச் சொன்னார். முடியாது என்றேன். நாக்கு, சட்டம், கடிதம் எல்லாவற்றையும் விளக்கினேன். அன்றிலிருந்து எங்களுக்கு ஊற்றித் தந்த தேத்தண்ணி நின்றது. "ஊர்ப்பட்ட தூரம் துப்பாக்கி தூக்கிட்டு வந்து, திருடனுக்குக் காவல் இருக்கிறீங்களே மிஸ்."

விரல்

ஒரு வாரக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு காலை மருதமரத்தின் நடுக்கிளையில் றொபேட் அண்ணை ஒரு தலையைக் காட்டினார். தலை மட்டும்தான். ஓணானுக்கு மட்டும் இருக்கிற முதுகு முள் தெரியவில்லை. நான் நாக்குக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அது நாக்கை நீட்டவே இல்லை. சரி, இதுதான் என்று விரலை வைக்க, தொப்பென்று ஆற்றில் விழுந்து நீந்திப் போய்விட்டது. நல்ல பச்சை. வயிறு முட்டை நிறைந்து பானை மாதிரி.

அன்று எனக்கு அழுகை வந்தது. துப்பாக்கியைப் பைக்குள் வைக்கக்கூடக் கை வரவில்லை. ஏசுவார் என்று பார்த்தால், றொபேட் அண்ணை வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார்: "வலையில விழாத மீனை நினைச்சு நான் இருவத்தஞ்சு வருசம் அழுதிருக்க வேணும், தங்கச்சி. ஏறுங்கோ, போவம்."

வெறும் வயிறு

பத்தாம் நாள் அதே மரத்தில் அதே ஓணான். இந்தமுறை முழு உடம்பும் தெரிந்தது. ஒரே சன்னம், துடிக்காமல் விழுந்தது. முத்துலட்சுமி கைகூப்பினார். விதைப் பேணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

நான் அதைத் திருப்பிப் போட்டேன். வயிறு ஒட்டிப்போய் இருந்தது. தோல் தளர்ந்து தொங்கியது. நகமெல்லாம் மணல். நாங்கள் மூன்று பேரும் ஆற்றங்கரையைப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மணல். முட்டையிட்ட இடத்தை அது மூடி, தட்டி, சமமாக்கிவிட்டுத்தான் வரும். நான்கு நாள் மண்வெட்டியோடு தோண்டினோம். கையில் கொப்புளம்தான் வந்தது. வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. மழை பெய்தால் மிச்ச அடையாளமும் போய்விடும். முத்துலட்சுமி பேணியை மூடி அடுப்படித் தட்டில் வைத்தார். "குஞ்சு வந்தா நான் விதைச்சு என்னங்க பிரயோசனம்? எதுக்கும் இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

ஆற்று மணலில்

ஐந்தாம் நாள் காலை முத்துலட்சுமி தொலைபேசி எடுத்தார். உடனே வாங்க, பேசாமல் வாங்க என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். றொபேட் அண்ணை ஓட்டோவை ஓட்டிய ஓட்டத்தில் நான் இரண்டு இடத்தில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஆற்றங்கரையில், நாங்கள் தோண்டிய குழிகளுக்கு முப்பது அடி தள்ளி, அவர் குந்தியிருந்து கையைக் காட்டினார். அவருடைய முட்டைத் திருடன், அந்த உடும்பு, தோள்வரை மணலுக்குள் புகுந்து பின்னங்காலால் மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தது. சுற்றிவரத் தோல்போலச் சுருண்ட வெள்ளை முட்டைக் கோதுகள். தலையை வெளியே எடுத்தது, எங்களைப் பார்த்தது, பிளந்த நாக்கை நீட்டி வாயைத் துடைத்தது, திரும்ப உள்ளே போனது. மத்தியானம்வரை அசையாமல் இருந்து பார்த்தோம். அது போன பிறகு நான் குழிக்குள் கைவிட்டு அடிவரை தடவினேன். ஒரு முட்டை மிச்சமில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. றொபேட் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார்.

மழைக்கு முதல் நாள் முத்துலட்சுமி விதைத்தார். ஒப்பந்தம் முடிந்து நான் விடைபெறப் போனபோது பயற்றங்கொடி முழங்கால் உயரத்துக்குத் தடியைப் பிடித்து ஏறியிருந்தது. ஒரு இலையில்கூடக் கடி இல்லை. கோழிக்கூட்டின் கதவு ஒரு பக்கம் கொஞ்சம் திறந்திருந்தது. கட்ட மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் கொடியைத் தடியில் சுற்றிவிட்டபடியே சொன்னார்: "மறக்கலைங்க மிஸ். வந்தா ஒரு முட்டை எடுத்துட்டுப் போகட்டும். ஆனா ஒன்னுதான்."

ஒரு வருடமாகத் துப்பாக்கியோடு நான் அலைந்த வேலையின் கடைசிப் பங்கை, சம்பளமும் அனுமதிக் கடிதமும் இல்லாத ஒரு உடும்பு செய்து முடித்தது என்பதை எழுத இறுதி அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லாததால், அதை இங்கே எழுதிவைக்கிறேன்.