பொதுப்பாதையில் ஒரு ரிப்பேர்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்பது, பிறருடைய கோபத்தைத் தேதியிட்டுக் கோப்பில் அடுக்கி வைக்கும் தொழில். ஊதியம் கிடையாது; கௌரவம் பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், எனக்குப் பொறுமை அதிகம் என்று மைசூரு விஜயநகரின் எங்கள் தெருவாசிகள் தாமாகவே முடிவு செய்துகொண்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், இதே போன்றதொரு குறிப்பேட்டைச் சுமந்துகொண்டிருக்கும் சக துன்பவாசிகளுக்காக இக்குறிப்புகளை எழுதுகிறேன். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டலாம்.

சின்ன வேலை

எங்கள் தெருவின் மேட்டுப்பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள் உண்டு. ஒன்றில் தனபால், சத்தியமங்கலத்துக்காரர், ஹெப்பாள் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். மற்றதில் சிவண்ணா, மண்டியா பக்கத்துக் கன்னடர், முன்னாள் வங்கி மேலாளர். இரு வீடுகளுக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரே ஒரு பாதை. அது இருவருக்கும் பொது; இரு வீட்டு வாசல்படிகளும் அதில்தான் இறங்குகின்றன. இருவருடைய கார் கொட்டகைகளும் அதன் கோடியில், வீடுகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

தனபால் தம் பழைய காரைத் தாமே பழுதுபார்ப்பது என்று ஒரு நாள் தீர்மானித்தார். கொட்டகையில் வெளிச்சம் போதவில்லையாம். ஆகவே காரைப் பொதுப்பாதையின் நட்டநடுவே நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி, செங்கல் மேல் ஏற்றி வைத்தார். சிவண்ணாவின் கார் பின்னால் சிறைப்பட்டது. எத்தனை நாளாகும் என்று கேட்கப் போனேன். காருக்கடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் மரியாதையாக ஒன்று சேர்ந்தன. குரல் பின்னால் வந்தது: "சின்ன வேலைதானுங்க டீச்சர். பூராத்தையும் கழட்டிப் போட்டுட்டேன். மாட்டறது ஒண்ணுதான் பாக்கி!"

ரங்கோலி

சிவண்ணாவின் மனைவி லலிதம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். கார் வெளியே வர வழியில்லை. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. எனவே அந்த அம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தனபாலின் காரைச் சுற்றி ஒதுங்கி ஒதுங்கி, வாசல் கேட் வரை நாற்பது அடி நடந்தாக வேண்டும். அந்த நாற்பது அடியிலும் என்ஜின் ஆயில் சிந்திக் கிடந்தது. கண்ணாடி போன்ற வழவழப்பு. தனபால் அதன்மேல் மரத்தூள் தூவியிருந்தார். அதை அவர் அக்கறை என்று அழைத்தார்.

லலிதம்மா ஒருமுறை சறுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். புகார் எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண் ஆயில் மேல் போட முயன்று தோற்றிருந்த ரங்கோலியைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னார். தமிழில் தருகிறேன்: "கோலப்பொடி கூட இங்கே நிற்க மாட்டேன் என்கிறது மேடம். நான் எப்படி நிற்பேன்?"

ஹார்ன்

எதிர்வீட்டுக் கிரண் கணினி நிறுவன ஊழியர். பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கன்னடம் சரளமாகவும் தமிழ் விருந்தாளியைப் போலவும் வரும். தனபால் ஒயரிங்கில் கை வைத்த நாள்முதல், யாரும் தொடாமலே அந்தக் காரின் ஹார்ன் தானே ஒலிக்கத் தொடங்கியது. நகராத வாகனம் வழி கேட்டு அலறுவதை முதன்முறையாக எங்கள் தெரு கண்டது.

கிரண் என் வாசலுக்கு வந்து முறையிட்டார்: "ஆன்ட்டி, மீட்டிங்ல நான் வாய் திறந்தா அது அடிக்குது. 'கார் ஓட்டிக்கிட்டே வேலை பாக்கறியா'ன்னு மேனேஜர் கேக்கறாரு. 'இல்ல சார், அது ஓடாது, அதான் பிராப்ளம்'னு சொன்னா யாரு நம்பறாங்க?"

வகுத்தல் கணக்கு

ஐந்தாவது வாரம் சிவண்ணா எழுத்துமூலம் புகார் கொடுத்தார். ஒன்பது எழுத்துப்பிழைகள், கோபத்தில் பிழை கிடையாது. பொதுப்பாதையின் நடுவே சுவர் எழுப்பி அவரவர் பாதியை அவரவர் வைத்துக்கொள்வது என்பது அவர் கோரிக்கை. கொத்தனாரிடம் பேசி முடித்துவிட்டார். மணலும் சிமென்ட் கற்களும் வந்து இறங்கின. அவர்கள் பாதையில் இடமில்லாததால், சரிவில் கீழே இருக்கும் என் வீட்டு வாசலில் இறங்கின. செயலாளருக்கு இந்த அளவு கௌரவம் உண்டு.

சங்கக் கூட்டத்தில் நான் கரும்பலகை இல்லாத குறையைக் குறிப்பேட்டில் தீர்த்துக்கொண்டேன். பாதை பத்தடி. சுவர் அரையடி. மிஞ்சுவது ஆளுக்கு நாலேமுக்கால் அடி. இருவருடைய கார்களும் ஐந்தடிக்கு மேல் அகலம். அதாவது, சுவர் எழும்பினால் இருவருடைய காரும் இனி எந்நாளும் வெளியே வராது. லலிதம்மாவின் நாற்பது அடியும் நிரந்தரமாகிவிடும். கணக்கைச் சிவண்ணா இருமுறை சரிபார்த்தார், வங்கிக்காரர் அல்லவா. விடை சரி என்று ஒப்புக்கொண்டார். இருந்தும் ஞாயிறு மாலைக்குள் கார் ஓடாவிட்டால், திங்கள் காலை கொத்தனார் வருவார் என்று முடிவாயிற்று. வெளியேறும்போது அவர் என்னிடம் சொன்னார்: "என் கார் போகாவிட்டாலும் பரவாயில்லை மேடம். அவர் கார் நிற்கக் கூடாது."

ஒரு சொல்

தமிழில் 'ரிப்பேர்' என்ற சொல்லுக்குள்ள வசதி வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. கெட்டுப்போனாலும் ரிப்பேர், அதைச் சரிசெய்தாலும் ரிப்பேர். ஆனால் 'ரிப்பேர் ஆகிவிட்டது' என்றால் கெட்டுவிட்டது என்றே பொருள். கன்னடத்தில் 'ரிப்பேரி ஆயித்து' என்றால் பழுது பார்த்து முடிந்தது என்று பொருள். வகுப்பில் இதை விளக்க எனக்கு ஒரு வாய்ப்பும் அமைந்ததில்லை. தனபால் விளக்கினார்.

ஞாயிறு மாலை அவர் சக்கரங்களை மாட்டி, காரைத் தரையிறக்கி, சாவியைத் திருகினார். ஏதோ கருகும் வாடை வந்தது, அத்தோடு சரி. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, தோல்வியைத் தாமே ஒப்புக்கொள்வதற்காக அண்டை வீட்டு வாசலில் போய் நின்றார். தனபாலின் கன்னடம் வேகமானது; ஆனால் அதன் எலும்பு முழுவதும் தமிழ். தலையைக் குனிந்தபடி, "ரிப்பேரி ஆயித்து சார்" என்றார். சிவண்ணாவின் முகம் மலர்ந்தது. உடனே கொத்தனாருக்குத் தொலைபேசியில் வேலை வேண்டாம் என்று சொன்னார். கொத்தனார் சாமராஜநகரில் காத்திருந்த வேறொரு வேலையை ஒப்புக்கொண்டு, அன்று மாலையே வண்டி கொண்டுவந்து கற்களை ஏற்றிச் சென்றார். மணலை எனக்கே விட்டுவிட்டார். லலிதம்மா தனபாலுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினார். தோற்றவருக்குப் பாயசம் கொடுக்கும் பண்பாட்டைக் கண்டு தனபால் கண் கலங்கி என்னிடம் சொன்னார்: "எத்தனை பெரிய மனசுங்க டீச்சர்! வண்டி வீணாப்போச்சுன்னு சொன்னேன், 'ரொம்ப சந்தோஷம்'னு கையைப் புடிச்சுக்கிட்டாருங்க!"

ஸ்டியரிங்

திங்கள் காலை எட்டு மணிக்கு, தனபாலின் கார் இன்னும் பாதை நடுவிலேயே நிற்பதைக் கண்டபோது சிவண்ணாவுக்கு உண்மை விளங்கியது. ஒன்பதுக்கு லலிதம்மாவுக்குப் பிசியோதெரபி. கொத்தனாரைத் திரும்ப அழைத்தார் சிவண்ணா. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. கூச்சல் கேட்டு நான் சென்றபோது, 'ஆயித்து' என்பதன் இலக்கணத்தை இருவரும் இரு மொழிகளில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். லலிதம்மா வாக்கருடன் படியில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் இப்போது சக்கரங்களின் மேல் நிற்கிறது என்பதை நான் சுட்டிக்காட்டினேன். சக்கரம் உருளும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

தனபாலும் சிவண்ணாவும் கிரணும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லாததால் நான் அமர்ந்தேன். என்னிடம் ஓட்டுநர் உரிமம் உண்டு. அது காலாவதியானதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கார் கேட்டைத் தாண்டியது, தெருவில் திரும்பியது, சரிவைக் கண்டதும் தள்ளியவர்களைப் பின்னால் விட்டுவிட்டது. பிரேக் எங்கிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மிதித்தேன். அது தரையைத் தொட்டது; கார் நிற்கவில்லை. என் வீட்டு வாசலில் குவிந்திருந்த சுவர் மணலில் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்த பிறகே நின்றது. மூச்சிரைக்க ஓடிவந்த தனபால் கதவைத் திறந்து சொன்னார்: "அடி ஒண்ணும் படலீங்களே டீச்சர்? பிரேக்கை அடுத்த வாரம் மாட்டலாம்னு இருந்தேனுங்க."

சுவர்

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிவண்ணாவின் கார் பொதுப்பாதையில் தடையின்றி இறங்கி வந்தது. வாசல்படியிலேயே ஏறிக்கொண்ட லலிதம்மா முன்னிருக்கையிலிருந்து எனக்குக் கையசைத்தார். மேலே தனபால் யாரும் சொல்லாமலே முழந்தாளிட்டு, பாதையிலிருந்த ஆயிலைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவண்ணா என்னருகே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மணலில் கிடந்த அந்தக் காரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரிப்பேரி என்றால் என்ன அர்த்தம் என்று நேற்றே கேட்டிருந்தால், இன்று சுவர் எழும்பியிருக்கும் மேடம்."

செயலாளரின் வாசலை மறித்து மணலில் புதைந்து நிற்கும் காரைப் பற்றிய புகாரை முறைப்படி எழுதி, பிழை திருத்தி, என்னிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் இட்டிருக்கிறேன். நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது.