பத்தடி என்று எழுதிய மண்டபம்

சந்திரவதனாவால் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மாத்தளை நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கட்டட வரைபட அலுவலகத்தில் அவள் வேலை பார்த்தாள். கணினியில் ஒரு சுவரை இழுப்பாள், எழுந்து போய்த் தெருவைப் பார்ப்பாள், வந்து அடுத்த சுவரை இழுப்பாள். அலுவலகத்தை நடத்திய ஞானசுந்தரம் ஒன்றும் சொல்வதில்லை. அவருக்குக் காரணம் தெரியும்.

எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவளுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு ஸைனம்பு, அவளையும் தாயையும் தன் வீட்டுச் சீலிங் பலகைக்கு மேலே ஏற்றி ஒளித்துவைத்தாள். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. ஒன்றரை நாள் அப்படியே கிடந்தார்கள். அதன்பின் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் மேலேதான் போகும்.

போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டில், கட்டடத்தையே கணினிக்குள் எழுப்பிக் காட்டும் மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தது. அதில் அவள் செய்த முதல் பெரிய வேலை, மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஸக்கரியா ஹாஜியார் கட்டிய தையல் மண்டபம். நீண்ட மண்டபம், ஒரு கோடியில் துணி வெட்டுவதற்கு ஒன்றரை அடி உயரமான மேடை. முழுவதற்கும் ஒரே மட்டமான சீலிங். திரையில் சீலிங்கைத் தொட்டதும் மென்பொருள் தானாக உயரம் பத்தடி என்று எழுதியது. மேடைப் பக்கமும் அதுவே வந்தது. அவள் அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேடைப் படிகளைத் தனியாக வரைவதற்காக மண்டபத்தைக் கணினியில் குறுக்கே வெட்டிப் பார்த்தாள். மேடையிலிருந்து சீலிங்குக்கு எட்டரை அடிதான் இருந்தது. மென்பொருள் மண்டபத்தின் கீழ்த்தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டிருக்கிறது; ஆள் நிற்கும் தரை எங்கே என்று அது பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

“சேர், மேடைப் பக்கம் சீலிங் உயரம் பிழையா போயிருச்சு. ரெண்டடி ராடுல தொங்கவிட்டா ஃபேன் ஆறரை அடியில சுத்தும்.”

“போன் பண்ணிச் சொல்லுங்க வதனா.”

மின்வேலைக்காரர் அழகையாவும் எடுக்கவில்லை, ஹாஜியாரும் எடுக்கவில்லை.

“ரோட்டுல இன்னைக்குக் கடுமையான செக்கிங். நாளைக்குப் போனா என்ன?” என்றார் ஞானசுந்தரம்.

“நாளைக்குக் காலையில தையல் வேலை தொடங்குறாங்க, சேர்.” வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் படித்த சிப்பாய், அவளை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொன்னான். அதிகாரி வந்து வரைபடத்தை விரித்தார். இது எந்தக் கட்டடம், உயரங்களை எதற்குக் குறித்திருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அவர் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். பஸ் போய்விட்டது. அவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தாள், நடந்தால் சந்தேகப்படுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஞானசுந்தரத்தோடு தொலைபேசியில் பேசிவிட்டு அவளைப் போகவிட்டார்கள். வரைபடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறி மண்டபத்தை அடைந்தபோது மேடைக்கு மேலே மூன்று மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. துணி வெட்டும் நுஹ்மான், நெடிய ஆள், மேடையில் நின்று, மேசையில் போட்டுப் பார்க்க ஒரு துணிச்சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்திரவதனா யாரிடமும் பேசாமல் சுவரோரம் போய் எல்லா சுவிட்சையும் அணைத்தாள்.

“ஏன் மிஸ் நிப்பாட்டுனீங்க?” என்றார் அழகையா.

அவள் இறக்கைகள் நிற்கும்வரை காத்திருந்தாள். “நுஹ்மான் நானா, துணியை விரிக்கிற மாதிரி கையத் தூக்குங்க.”

நுஹ்மான் தூக்கினார். மணிக்கட்டு இறக்கையில் இடித்தது. அவர் கையை இறக்கி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

“பத்தடின்னு நீங்கதானே போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் ராடு வாங்கினேன்.” அழகையாவின் குரலில் பயம் இருந்தது.

“ஓம், பிழை என்னோடதுதான். உங்க மேல ஒண்ணும் இல்ல.”

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஹாஜியாரிடமும் அதையே சொன்னாள். அவர் மேடையேறி, மின்விசிறியை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார்.

“இதச் சொல்லவா மகள் இந்த ரோட்டால தனிய வந்தீங்க?”

“போன்ல கிடைக்கல்ல, ஹாஜியார்.”

அவர் அழகையாவிடம் மூன்றையும் கழற்றி அரையடி ராடு போடச் சொன்னார். அன்று மாலைக்குள் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை அவள் பழைய கோப்புகளைத் திறந்தாள். அந்த மென்பொருளில் வரைந்தவை பதினொரு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் தரை மாறும் இடமெல்லாம் வெட்டிப் பார்த்து, ஆள் நிற்கும் தரையிலிருந்து அளந்து புதிதாகக் குறித்தாள். இரண்டு வீடுகளில் அதே பிழை.

“யாரும் ஒண்ணும் கேக்கல்லையே, வதனா” என்றார் ஞானசுந்தரம்.

“கேக்கிறதுக்குள்ள சொல்லிருவோம், சேர்.”

பல்லேபொல ஊர் வீட்டுக்காரர் போனில் நன்றாக ஏசினார். மற்ற வீட்டுக்காரர் நன்றி சொல்லித் திருத்திய தாளை அனுப்பச் சொன்னார். அவள் இரண்டையும் நின்றபடியே கேட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கும் திருத்திய தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.