என் சாமான், அவர் பேர்

ஒரகடத்தில் கார் லைட் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக நான் கடைசி செக்கிங். லைன் முடிவில் ஒரு இருட்டு அறை, அதற்குள் ஒரு வெள்ளைத் திரை. ஒவ்வொரு ஹெட்லைட்டையும் எரியவிட்டு, வெளிச்சம் திரையில் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். கோணல் என்றால் சிவப்புச் சீட்டு. அந்தச் சீட்டை ஒட்டுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. பேப்பர் இல்லாமல் வெளியிலிருந்து ஒரு ஸ்குரூ வந்தாலும் உள்ளே விடாத ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். வீட்டில் மனைவி வாங்கி வரும் கறிவேப்பிலையைக்கூட ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜில் வைப்பேன். இப்பேர்ப்பட்டவன் செய்த காரியம்தான் இது.

போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கிய பதினோராம் நாள் எங்கள் வீட்டு கேட்டிலேயே மோதி வலது பக்க லைட்டை உடைத்தேன். கேட் காற்றில் ஆடிக் குறுக்கே வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

அது எங்கள் லைனில் ஓடும் லைட்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்பரைச் சொல்வேன். ஆன்லைனில் அந்த நம்பரை அடித்தேன். கடையில் சொன்னதில் பாதி விலைக்கு, சீல் பிரிக்காத பெட்டியில், அசல் சரக்கு. இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. பெட்டியை மடியில் வைத்துக் கொஞ்சாத குறைதான்.

இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டில் தகர ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும். ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேன்கள்தான் அவருக்குச் சோறு. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார், சாமானை நீங்களே வாங்கியாந்துட்டீங்களா? நான் மாட்ட மாட்டேன் சார்."

"ஏண்ணா? ஒரிஜினல்ணா இது."

"ஒரிஜினலா இருக்கட்டும் சார். போன தபா ஒரு வேன்காரன் அவனே பிரேக் ஷூ வாங்கியாந்தான். பாவமேன்னு மாட்டுனேன். ரெண்டே வாரத்துல தேஞ்சிபோச்சு. சாமான் சரியில்லன்னா சொன்னான்? மெக்கானிக் சரியில்லன்னான். மூணு மாசம் ஒரு வேனு இந்தப் பக்கம் வரல. எம் பொண்ணை காலேஜ விட்டு நிறுத்திருப்பேன், மச்சான்தான் ஃபீஸ் கட்டுனான். உங்க சாமானு, எம் பேரு. வேணாம் சார்."

பார்ட்ஸில் கிடைக்கும் லாபம் கைவிட்டுப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஐடி கார்டை எடுத்து நீட்டினேன். இந்த லைட்டுக்குப் பாஸ் போடுகிறவனே நான்தான், என் முத்திரை இல்லாமல் ஒரு பீஸ் கேட்டைத் தாண்டாது என்று பத்து நிமிஷம் கிளாஸ் எடுத்தேன். மனுஷர் என் வாய்க்குப் பயந்துதான் ஸ்பேனரை எடுத்திருக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும், "இருட்டுற வரைக்கும் வண்டிய வுட்டுட்டுப் போங்க சார். வெயில்ல ஒண்ணும் தெரியாது. செவுத்துல அடிச்சிப் பாத்துட்டுத் தரேன்" என்றார்.

"லைட்டை எனக்கே செக் பண்ணிக் காட்டப் போறீங்களா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்தில் மனைவியின் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். ஆறரை மணிக்குக் கிளம்பினோம். எதிரே வந்த வண்டிகள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டன, ஹாரன் அடித்தன. இந்த ஊரில் ஒருவனுக்கும் ரோட்டில் ஓட்டத் தெரியவில்லை என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன். சொல்லி வாய் மூடவில்லை, எதிரே வந்த பைக் ஒன்று தடுமாறி ரோட்டோர முள்ளுச் செடிக்குள் போய் விழுந்தது.

ஓடிப் போய்த் தூக்கினோம். ஓட்டி வந்தவருக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்த அவர் மனைவிக்கு முழங்கை சிராய்த்து ரத்தம். என் மனைவி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பைக்காரர் என் மேல் பாய்ந்தார்.

"யோவ், மூஞ்சிக்கு நேரா அடிச்சினு வர்றியே, எவன்யா இந்த லைட்டை மாட்டுனது?"

திரும்பி என் காரைப் பார்த்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் லைன் ஏற்றுமதி லைன். நான் பாஸ் போடுகிற லைட்டெல்லாம் கப்பலேறி, ரோட்டின் வலது பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குப் போகிறது. அதன் வெளிச்சம் வலது ஓரத்தைப் பார்த்துத்தான் தூக்கி அடிக்கும். நம் ரோட்டில் அது எதிரே வருகிறவன் கண்ணில் விழும். நான் மனப்பாடம் செய்திருந்தது அந்த ஏற்றுமதி லைட்டின் நம்பரை; நம் ரோட்டுக்கான லைட்டுக்கு நம்பர் வேறு. சுவரில் அடித்துப் பார்த்திருந்தால் மெக்கானிக் கண்டுபிடித்திருப்பார். நான் மட்டும் பார்த்திருந்தால் பிரமாதம் என்று முத்திரை குத்தியிருப்பேன்.

இவ்வளவும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"மெக்கானிக்குங்க. சர்வீஸ் ரோட்ல தகர ஷெட்டு வச்சிருக்காரே, அவரு."

"அவரா? எங்க வேனெல்லாம் அவராண்டதானே வுடுறோம்!" என்றார் அந்த மனிதர். கம்பெனி வேன் டிரைவர்.

காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்கதானே வாங்கிட்டுப் போய்க் குடுத்தீங்க?" நான் ஏசியைக் கூட்டினேன். ஜெபக்கூட்டத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் நான்தான். பக்தி என்று அக்கா நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். எப்போதும் மூன்று நான்கு வேன் நிற்கும் இடம் காலி. விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்பேனரை எடுத்து லைட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

அங்கே நிற்க முடியாமல் வேன் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஏழெட்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் விழுந்தவரும் இருந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: லைட்டை வாங்கியது நான், அவர் மாட்ட மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்தியது நான், செக் பண்ணவும் விடவில்லை, அந்த லைட்டையே செக் பண்ணுவதுதான் எனக்கு வேலை.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "லைட்டுக் கம்பெனி சாருக்கே லெஃப்டு ரைட்டு தெரில!" என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். மானம் போனாலும் மெக்கானிக் பிழைத்தார் என்று மனசு லேசானது.

பைக்கில் விழுந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சரி சார், கொண்டாந்தது நீங்க. மாட்டுனது அவருதானே?"

திரும்பி ஷெட்டுக்கு வந்தேன். சாயங்காலம் வரை அங்கே என் கார் ஒன்றுதான் நின்றது.