கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வீட்டு இரும்பு

...அதை விடுங்கள், எதிர்வீட்டுத் திலீப்பு மாட்டிக்கொண்ட கதை தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டீர்கள், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன மாசம் பேத்தி சங்கீதாவோடு திருப்போரூர்ப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டிக்குப் போனேன். அவள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, பாலிடெக்னிக்கும் முடித்தவள். இப்போது இன்ஜினியரிங், நேராக இரண்டாம் வருஷம்! பந்தியில் சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு உட்காருவது மாதிரி. ஆனால் மீதி இருந்தது ஒரே ஒரு சீட். ஒர்க்‌ஷாப் சார் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. போன வருஷம் மாணவர்கள் அரம் போட்டுச் செய்ததில் இதுதான் முதல் தரமாம் — ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு இரும்புத் துண்டுகள். கீழே அட்டையில் ஒரு பேர். எல்லோரும் அட்டையைப் படித்தார்கள். எனக்கேது படிப்பு? நான் இரும்பைப் பார்த்தேன். ஓரத்தில் பொடியாக மூன்று புள்ளி!

ஐ.டி.ஐ.யில் எல்லார் துண்டும் ஒரே மேஜையில் கிடக்கும். மாறிவிடக் கூடாதென்று இவள் மூன்று புள்ளி குத்துவாள். அந்தப் பழக்கத்தில் என் பாக்குவெட்டியில்கூடக் குத்தி வைத்திருக்கிறாள்.

“இன்னாடி இது, நம்ப வூட்டுது இங்க கீது?”

“ஆயா, சும்மா இரு. சீட்டு பூடும்!” என்று இடுப்பில் கிள்ளினாள்.

சும்மா இருக்கிற வாயா இது? சார் திரும்பிவிட்டார். “என்னம்மா சொன்னீங்க?”

“எம் பேத்தி செஞ்சது சார் இது. மூணு நாளு வாசல்ல தேச்சிகினே இருந்தா.”

சார் அட்டையைப் படித்தார். யார் பேர் தெரியுமோ? அங்கேயே படிக்கும் திலீப்பு! “அக்கா, ஒரே ஒரு பீஸுக்கா” என்று கெஞ்சி, ரெண்டு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து வாங்கிப் போனவன்.

சார் முகம் சுருங்கியது. “அடுத்தவனுக்குச் செஞ்சு குடுத்ததும் தப்புதானேம்மா? எப்படி சீட் தர்றது?”

சங்கீதா தலை குனிந்தாள். ஐயோ... என் வாயாலேயே கெடுத்தேனா?

நல்ல வேளை, சார் திலீப்பை வரவழைத்தார். ஆளுக்கு ரெண்டு சின்ன இரும்புத் துண்டு, ஆளுக்கொரு அரம். “இப்ப என் கண்ணு முன்னால செய்ங்க.”

இவள் காலை அகட்டி நின்று தேய்க்க ஆரம்பித்தாள். அவன் அரத்தைப் பிடித்த அழகைப் பார்க்க வேண்டுமே!

“டேய் திலீப்பு, சட்னிக்கா தேங்கா துருவுற?” என்றேன். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அவள் பொருத்திக் காட்டியதை சார் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். இடுக்கில் துளி வெளிச்சம் வரவில்லை. கையெழுத்தும் விழுந்தது. “இனிமே யாருக்கும் செஞ்சு குடுக்காத. சொல்லிக் குடு.”

ஐ.டி.ஐ. என்றால் மூக்கைச் சுளிக்கிறார்களே... யுனிவர்சிட்டியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டது யார் வேலையை?

இப்போது ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. தினம் சாயங்காலம் திலீப்பு எங்கள் வாசலில்தான். “கை வலிக்குதுக்கா” என்பான். “தேய்டா” என்பாள். தேய்ப்பதைவிட இரும்புத் தூளை ஊதித் தள்ளுவதில்தான் அவனுக்கு —

டேய்! ஊதாதடா! கருவாடு காயுதுடா! இருங்கள், முதலில் முறத்தை உள்ளே எடுத்து வைக்கிறேன்.