மாடத்திலிருந்து பார்த்த ஆராய்ச்சி

தையற்கடைக்காரியின் கணவருக்கு ஆராய்ச்சிதான் வேலை. பெரிய புத்தகம் ஒன்று எழுதுகிறாராம். அதற்காக இருந்த வேலையையும் உதறிவிட்டு, காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு தேசிய நூலகத்துக்குக் கிளம்புவார். சாயங்காலம் மலையைப் புரட்டியவர் மாதிரி வந்து டீ கேட்பார். இவள் ஊரார் துணிக்கெல்லாம் காஜா எடுத்துக் கண் பூத்துப்போய்க் கிடந்தாள்.

வீட்டிலும் ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், மடியில் புத்தகத்தோடுதான் இருப்பார். இவளுக்குத் தெரிவது முதுகும் கையும்தான். "ஏங்க" என்று கூப்பிட்டால் பதில் வராது; ஒரு பக்கம் புரளும். படிக்கிற மனுஷனைக் கெடுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள், அசடு.

வெளியூரிலிருக்கும் தங்கை அங்கே காலியாக இருந்த பெரிய கடை ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, கூட்டுச் சேர வரச்சொல்லி நச்சரித்தாள்.

"மாமா புத்தகம் முடியட்டும்டி" என்பதே இவள் பதில்.

கடைசியில் தங்கை நேரிலேயே வந்துவிட்டாள். வந்த இடத்தில் நூலகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டாள்.

"அங்க நம்மளையெல்லாம் விடமாட்டாங்கடி. மாமாவே சொல்லியிருக்காரு."

வாசலில் சிரித்த முகத்தோடு டிக்கெட் கொடுத்தார்கள்.

சுற்றிக்காட்டும் பெண் முன்னே நடந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய புத்தகம். வந்த கூட்டம் அதற்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொண்டது. அறிவுப்பசி அதோடு தீர்ந்தது.

அடுத்து மேல்மாடம். கீழே வாசிப்பு மண்டபம்.

"அறிஞர்கள் படிக்கிற இடம், சத்தம் போடாம பாருங்க" என்று கிசுகிசுத்தாள் அந்தப் பெண். "அதோ தூணோரமா இருக்காரே, அவரு தினமும் வர்றவரு. ஏசி நல்லா வர்ற இடம் அது!"

தூணோரத்தில், விரித்த புத்தகத்தின்மேல் கை, கையின்மேல் கன்னம், வாய் பிளந்தபடி மாமா. எல்லாரும் களுக்கென்று சிரித்துக் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினாள்.

"ஏங்க!"

மண்டபம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. அவர் தலை மட்டும் நிமிரவில்லை. கண்ணைத் திறக்காமலே விரலை நகர்த்தி ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

அவள் தங்கையிடம் திரும்பினாள்.

"அந்தக் கடை இன்னும் காலியாத்தானே இருக்கு?"